சாக மறுக்கும் நாற்காலிக்காரி

சாவு வீட்டிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு நாற்காலியையும் அகோஸி முகர்ந்து பார்க்கிறார். வண்டியிலிருந்து இறக்கியதும் இருக்கையில் விரல் முட்டியால் ஒரு தட்டு, பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோய் ஓர் இழுப்பு. "பனையெண்ணெய். ஆட்டுக்கறி. சாராயம் கொட்டியிருக்கு, அதுவும் நல்ல சாராயம். இது மருமகனுங்க செலவு. பெத்த புள்ளைங்களா இருந்தா கோழியோட நிறுத்தியிருப்பானுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போகிறார். வண்டிக்காரர் சிரித்தால் அவரையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "நீயும் ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கே" என்கிறார்.

பழைய ராஜதானியான எங்கள் அபோமேயில் துக்கத்துக்கு உட்காருகிற எவரும் கடைசியில் அகோஸியின் பெயர்மீதுதான் சாய வேண்டும். நீல பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் பட்டையாக எழுதியிருக்கிறது. பந்தல் துணியிலும் அண்டாக்களின் அடியிலும் அதே பெயர். எங்கள் ஊரில் கல்யாணத்தைக் கொல்லைப்புறத்தில் நாலு பேரோடு முடித்துவிடுவார்கள். சாவுக்குத்தான் தெருவை அடைப்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரி உடுத்திக்கொள்ள வேண்டிய துணி எது என்று மருமகள்கள் சண்டை போட்டு முடிக்கும்வரை செத்தவர் பிணவறையில் பொறுமையாகக் காத்திருப்பார். ஆகவே அகோஸியின் தொழிலில் மந்தம் என்பதே கிடையாது.

இந்தத் தொழிலால் அவருடைய நலம் விசாரிப்புக்கு ஒரு தனி ருசி ஏறிவிட்டது.

"நல்லா விடிஞ்சுதா? வீட்ல எல்லாரும் எழுந்திரிச்சாங்களா? மாமனாருக்கு அந்த இருமல்?"

"நின்னுடுச்சு அத்தை."

"ஓ. நின்னுடுச்சா." வாடகை நோட்டை மூடிக்கொள்வார். "சந்தோஷம்மா. கடவுள் பெரியவர்."

கேட்கப்பட்டவர் நேரே வீட்டுக்குப் போய் மாமனாருக்கு இன்னொரு கரண்டி மருந்து புகட்டுவார். ஆஸ்பத்திரி காப்பாற்றியவர்களைவிட அகோஸி விசாரித்தே காப்பாற்றியவர்கள் அதிகம் என்று சந்தையில் பேச்சு.

அவர் பிறக்கும்போது கால்தான் முதலில் வந்தது. அப்படி வருகிற பெண்ணுக்கு எங்கள் வழக்கப்படி அகோஸி என்று பெயர். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது, திரும்பி வந்திருப்பது யார் என்பதைத்தான். இறந்துபோன பெரியவர்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு பிள்ளையிலும் திரும்பி வருகிறார். யார் என்று குறிசொல்பவர் பனங்கொட்டைகளை உருட்டிச் சொல்வார். அகோஸிக்கு உருட்டியபோது வந்து நின்றவர் அஹுவான்ஸி. அப்பாவுக்குப் பாட்டி. மன்னரின் பெண்படையில் துப்பாக்கி பிடித்தவர். வெள்ளைக்காரனோடு நடந்த கடைசிச் சண்டையில் தோளில் குண்டு வாங்கியும் விழாமல் வீடு வந்து சேர்ந்தவர். அதற்குப் பிறகுதான் கல்யாணம், பிள்ளை எல்லாம். அன்றைக்கு அவர் விழுந்திருந்தால் இந்தக் குடும்பமே இல்லை. "கால் முன்னால வராம பின்ன? அணிவகுப்புல வந்திருக்காங்கய்யா" என்று குறிசொன்னவர் சொன்னதாகக் கேள்வி.

அன்றுமுதல் பெற்ற அப்பாவே மகளைப் "பாட்டி" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. பாட்டியைக் கைநீட்டி அடிக்க முடியாது. சட்டியில் கிடக்கும் கடைசிக் கறித்துண்டைப் பாட்டி பார்த்துவிட்டால் வேறு யாரும் பார்க்க முடியாது. அகோஸி நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்தச் சலுகையைக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் முட்டி போடச் சொன்ன வாத்தியாரிடம், "பெண்படை வர்றப்ப எல்லா ஆம்பளைங்களையும் போல உங்க தாத்தாவும் என்னைப் பார்த்ததும் தெருவோரமா முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னவரு, தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு முட்டியும் போடவில்லை, பள்ளிக்கும் அப்புறம் அதிகம் போகவில்லை.

காலமான கணவர் ஒரு தையல்காரர், பயந்த சுபாவம். அந்தக் காலத்துப் பெண்படையினர் அத்தனை பேரும் மன்னரின் மனைவியர் என்பது சட்டம். ராஜாவின் மனைவியைத் தான் கட்டிக்கொண்டு வந்துவிட்டோமே என்ற கூச்சம் மனிதருக்குக் கடைசிவரை தெளியவில்லை. தன் படுக்கையறைக்குள்ளேயே கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

இவ்வளவும் இருந்து என்ன? ஒரு சண்டை வரவில்லை. உள்ளே படைவீராங்கனை, வெளியே வாடகைப் பாத்திரம். நாற்காலியை உடைத்துவிட்டு ஒப்புக்கொள்ளாதவர்களோடு போட்ட சண்டைகளைக் கணக்கில் சேர்த்தாலும் வரலாற்றில் இடம்பெறும்படி ஒன்றும் தேறாது. கடற்கரைப் பெருநகரமான கோட்டோனூவில் பெண்படைக்காக வானத்தை இடிக்கிற மாதிரி ஒரு சிலை வைத்தபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும், "பாவம், வெயில்ல நிக்க வெச்சுட்டானுங்க. ஒரு நாற்காலி போடக் கூடாதா?" என்றார். அவருக்கு இருந்த பொறாமையை அதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் படக்காரர்கள் வந்தார்கள். பெண்படையைப் பற்றிப் பிரமாண்டமான சரித்திரப் படம். ஊரில் ஒரு மாதமாக எந்தப் பெண்ணும் சாதாரணமாக நடக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூடப் போருக்கு எடுத்துப் போகிற மாதிரிதான் எடுத்துப் போனார்கள். இயக்குநர் பிரிஸ்கா கோட்டோனூவில் பிறந்து பாரிஸில் படித்த பெண். தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு, பார்க்கிற எதையும் விரல்களால் படச்சட்டம் கட்டிப் பார்ப்பார். படப்பிடிப்புக்கு முதலில் தேவைப்பட்டது துப்பாக்கியல்ல, நாற்காலி. எனவே அகோஸி போய்த்தான் ஆக வேண்டும்.

போன இடத்தில், கடல் தாண்டி வந்திருந்த கதாநாயகி நாற்காலியைப் பின்னங்காலில் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தார். அகோஸி பின்னால் போய் நின்றார்.

"இறக்கும்மா. நாலு காலு குடுத்தது ரெண்டுல ஆடுறதுக்கா?"

கதாநாயகிக்கு மொழி புரியவில்லை, குரல் புரிந்தது. எழுந்தே நின்றுவிட்டார். பிரிஸ்கா இரண்டு கைவிரல்களாலும் அகோஸியின் முகத்துக்குச் சட்டம் கட்டினார். "இந்த முகம் எனக்கு வேணும்."

உடை அளவெடுத்தார்கள். சோழி தைத்த தொப்பி பிடித்தது. மேல்சட்டை பிடிக்கவில்லை. "இது சட்டையா, மீன்வலையா? குண்டு எதுக்கு, கொசுவே கொன்னுடும்" என்றாலும் கழற்ற மனமில்லாமல் அதோடேயே சந்தை வழியாக வீட்டுக்கு நடந்து போனார். நேர்வழியில் போகவில்லை; சந்தை இரண்டு முறை வந்தது.

கூட்ட நடிகர்களை மேய்க்கிற ஃபிர்மன், பக்கத்து ஊரான போஹிகோன் பையன், பதமாகப் பேசுவான். மறுநாள் வந்து காட்சியை விளக்கினான்.

"அம்மா, நீங்கதான் முன்னாடி ஓடி வர்றீங்க. எல்லாருக்கும் முன்னாடி. டுமீல்! விழறீங்க. அவ்வளவுதான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"விழுந்து?"

"விழுந்து... கிடக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"செத்தவங்க எவ்வளவு நேரம்மா கிடப்பாங்க?"

விஷயம் என்னவென்றால், கதாநாயகிக்குக் கோபம் வர ஒரு சாவு தேவைப்பட்டது. சரித்திரப் படங்களில் அழகானவர்களுக்குக் கோபம் வருவதற்காக வயதானவர்கள் சாக வேண்டியிருக்கிறது.

அகோஸி போய்ச் சேரும் முன்பே செய்தி அவருடைய தம்பி சோஸாவின் வீட்டை அடைந்துவிட்டது. சோஸாதான் குடும்பத் தலைவர். சடங்கு நாளில் அக்காவுக்கு முன்னால் மண்ணில் நெற்றி படப் பணிந்து "பாட்டி" என்பார். மற்ற நாளில் வெறும் அக்காதான். அன்றைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டையும் கலந்தார்.

"அக்கா, நீ ஊர் பார்க்க விழுந்து செத்தா, உள்ள இருக்கிற பாட்டியும்தான் செத்தாங்க. சாவைப் பார்த்துட்டு சடங்கு பண்ணாம விட முடியுமா?"

"அது படம்டா."

"படம்னா? உடம்பு கிடைக்கலைன்னா நாம என்ன பண்றோம்? படத்தை வெச்சுத்தானே எல்லாச் சடங்கும் பண்றோம்?"

லாரி கவிழ்ந்து ஆற்றோடு போனவர், கடலில் காணாமல் போனவர் என்று உடம்பில்லாத சாவுகள் அத்தனைக்கும் படத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் நாற்காலி போட்டவரே அகோஸிதான்.

"சடங்கு முடிஞ்சா?" என்று கேட்டார்.

"முடிஞ்சா பாட்டி உன்னை விட்டுக் கிளம்பிடுவாங்க. வேற புள்ளையில வருவாங்க." சோஸா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். "நான் பொதுவா சொன்னேன்."

"ஓஹோ. உன் பேரப்புள்ளைக்கு இடம் காலி பண்ணச் சொல்றே."

"பொதுவாத்தான் சொன்னேன் அக்கா!"

அகோஸி வீட்டுக்கு வந்து, அடுக்கி வைத்த நாற்காலிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அது அவர் யோசிக்கிற இடம். பாட்டி போய்விட்டால் மிச்சம் யார்? பந்தல் வாடகைக்கு விடும் ஒரு விதவை. தெருவில் பத்து விதவைகள் இருக்கிறார்கள். நடிக்க மறுத்துவிட்டாலோ, அந்த வேடம் வள்ளிக்கிழங்கு விற்கும் அப்லாவாவுக்குப் போகும். அப்லாவா யார் கேட்டாலும் செத்துக் கொடுப்பாள். தன் தலையில் இருக்க வேண்டிய தொப்பி அப்லாவாவின் தலையில் இருப்பதை ஊர் முழுக்க உட்கார்ந்து பார்க்கும். அதுவும் அகோஸியின் நாற்காலிகளில்.

மறுநாள் தம்பியிடம் சொல்லிவிட்டார்: "ஓடறேன். குண்டு வாங்கிக்கிறேன். விழ மாட்டேன்."

இயக்குநரிடம் சொல்லவில்லை.

படப்பிடிப்பு நாளில் வெள்ளைக்காரப் படைக்கு ஆள் போதவில்லை. போஹிகோனில் டயர்கடை வைத்திருக்கும் லெபனான்காரர் தளபதி. பைக் டாக்ஸிக்காரர்கள் அவருடைய சிப்பாய்கள். அகோஸி ஓடி வந்தார். துப்பாக்கிகள் வெடித்தன. மார்பில் கட்டியிருந்த சாயப் பை உடைந்தது. அகோஸி ஒரு கணம் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் ஓடி வந்தார்.

"நிறுத்துங்க! அம்மா, உங்களைச் சுட்டாச்சு!" என்றார் பிரிஸ்கா.

"தோள்லதானே பட்டுச்சு?"

"நெஞ்சுலம்மா. நெஞ்சுல."

"அப்படியா? எனக்குத் தோள் மாதிரி இருந்துச்சு."

மறுபடியும் எடுத்தார்கள். இந்த முறை சிப்பாய்கள் ஓடிவிட்டார்கள். "சுடச் சொன்னீங்க, சுட்டோம். அப்புறமும் அத்தை வந்தா நாங்க என்னங்க பண்றது? நாளைக்கு இந்த ஊர்லதானே வண்டி ஓட்டணும்?" என்று அவர்கள் நியாயம் கேட்டார்கள். டயர்கடைக்காரர் மட்டும் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஃபிர்மனுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் முரண்டு பிடிப்பவரை வழிக்குக் கொண்டுவர அவருடைய குலப்புகழைச் சொல்வார்கள். கேட்கக் கேட்க மனம் இளகி, கேட்டதைச் செய்துவிடுவார்கள். கடன் வாங்கப் போகிறவர்களும் மாமியாரைச் சமாதானப்படுத்துகிறவர்களும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். அகோஸியின் முன்னால் மண்டியிட்டு ஃபிர்மன் பாடினான்: "சிவந்த மண்ணின் மகளே, நெருப்பை மிதித்து வந்தவளே, முள்வேலியை மாலையாய்ப் போட்டவளே..." அகோஸி கண்களை மூடிக் கேட்டார். கண் கலங்கியது. "நல்லாச் சொன்னே மகனே. உனக்காக ஓடறேன்" என்றார். ஓடினார். அதுவரை ஓடாத ஓட்டம். டயர்கடைக்காரர் மாமரத்தில் ஏறினார்.

பிரிஸ்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "கடைசியா ஒருதரம் அம்மா. விழ வேண்டாம். எப்படி வேணுமோ ஓடுங்க."

அகோஸி ஓடி வந்தார். வெடித்தது. பாதி வழியில் அவருடைய வலது கால் ஓர் எலி வளைக்குள் இறங்கியது. முகங்குப்புற, கைகள் விரிய, புல்லுக்குள் விழுந்தார். தொப்பி தனியாக உருண்டு போனது. அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். மரத்திலிருந்த டயர்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வாயிலிருந்த புல்லைத் துப்புகிற நேரம்தான். அகோஸி எழுந்துவிட்டார்.

"நான் சாகலை! எலி வளை! எல்லாரும் வந்து பாருங்க, எலி வளை!" என்று கேமராவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வளையைக் காட்டினார். பிரிஸ்கா வளையைப் பார்க்கவில்லை. நாளெல்லாம் தூண்டில் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மீன் தானே படகுக்குள் குதித்தவரின் முகம் அது. அகோஸிக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

"எழுந்திரிச்சதையும் எடுத்தீங்கதானே?"

"எடுத்தோம்மா."

"அதையும் போடுவீங்கதானே?"

"பார்க்கலாம்மா."

'பார்க்கலாம்' என்பதற்கு அபோமேயில் என்ன அர்த்தமோ, பாரிஸிலும் அதே அர்த்தம்தான்.

படம் வர வெகுகாலம் ஆனது. இடையில் சோஸாவுக்குப் பேத்தி பிறந்தாள். அகோஸி முதல் ஆளாகப் போய்ப் பார்த்தார். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் துணியை விலக்கிக் காலைப் பார்த்தார்.

"எது முன்னால வந்துச்சு?"

"தலைதான் அத்தை" என்றாள் மருமகள்.

"நல்லது. மனுஷங்க அப்படித்தான் வரணும்" என்று கொஞ்சினார். ஆனால் பெயர் வைத்தாகிவிட்டது, காது குத்தியாகிவிட்டது, குறி மட்டும் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "என்ன அவசரம் அக்கா. படம் வரட்டுமே" என்றார் சோஸா. பிள்ளை மடியில் கிடந்து அகோஸியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. நல்ல பிடி. அகோஸிக்கு அது துப்பாக்கிப் பிடியாகப் பட்டது. அந்த நாட்களில் அவர் யாருடைய இருமலையும் விசாரிக்கவில்லை. ஊரே கவலைப்பட்டது, அகோஸி கேட்காவிட்டால் தாம் பிழைத்திருக்கிறோமா என்றே சிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் பள்ளி மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். நாற்காலி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிஸ்கா வந்திருந்தார், அகோஸியின் கையைக் குலுக்கினார், கண்ணைப் பார்க்கவில்லை. ஒளிபாய்ச்சும் கருவியை வைத்திருந்த மேசைக்குச் சற்று முன்னால் அகோஸி உட்கார்ந்தார். ஒரு பக்கம் சோஸா. மறுபக்கம் மருமகள், மடியில் குழந்தை.

படத்தைப் பாதிப் பேர் பார்க்கவில்லை, தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "அதோ என் முழங்கை!" "பின்னாடி நிக்கிறது நம்ம ஆடு!" டயர்கடைக்காரர் குதிரைமேல் வந்தபோது, "டயர் என்னாச்சு முதலாளி?" என்று கூச்சல். பிறகு புல்வெளி வந்தது. எல்லோருக்கும் முன்னால், தொப்பியில் சோழி குலுங்க, அகோஸி ஓடி வந்தார். மைதானம் அடங்கிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து அகோஸியே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபது வருஷமாக உள்ளே இருக்கிறார் என்று சொன்னார்களே, அவர் வெளியே வந்திருந்தார்.

டுமீல்.

விழுந்தார். தொப்பி உருண்டது. அகோஸி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். திரையில் புல் காற்றில் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. புகை வந்தது. சோகமாக ஒரு குழல். கதாநாயகியின் கண்ணில் கோபம் ஏறியது.

எழுந்திருக்கவில்லை.

முன்வரிசையில் யாரோ ஒரு பெண், பழக்கதோஷத்தில், ஒப்பாரியின் முதல் இழுப்பை இழுத்துவிட்டாள். இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. நீல நாற்காலிகள் கிரீச்சிட, தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி அகோஸியைப் பார்த்தன. சோஸா மெதுவாகத் தலைக்குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை விழித்துக்கொண்டு, என்ன சத்தம் என்று பார்த்தது. பிரிஸ்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அகோஸி நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்தி எழுந்து நின்றார். பின்னாலிருந்து வந்த வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. திரையில், அந்தப் புல்லுக்குள்ளிருந்து, கறுப்பாக ஒரு தலை எழுந்தது. பிறகு தோள்கள், அதன்பின் இடுப்பில் ஊன்றிய இரண்டு கைகள். புகையும் குழலும் கதாநாயகியின் கோபமும் அதற்குப் பின்னால் மறைந்துபோயின. ஒப்பாரி பாதியில் நின்றது.

"அத்தை, மறைக்குது!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

அகோஸி திரும்பிப் பார்க்கவில்லை. விளக்குக்கு இன்னும் கிட்டே போகும்படி, ஓர் எட்டு பின்னால் எடுத்துவைத்தார்.